மாற்றி ஓட்டிய ஹெரால்டை விற்க எந்த வழி தேறும்?

மாமா தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். 1980-களின் நடுவில் வாங்கி, கூரை முதல் இன்ஜின் வரை மாற்றிவிட்ட வண்டி. இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கிளட்ச் மிதிக்க இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இன்னொரு காரை நிறுத்த இடமில்லை. ஆகவே விற்பதா வேண்டாமா என்ற பேச்சு முடிந்தது. எப்படி விற்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அத்தை, வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். மச்சினன், பழையபடி ஆக்கிவிட்டால் மும்மடங்கு விலை போகும் என்கிறான். கேரளத்து ஒற்றப்பாலத்திலிருந்து வந்து பார்த்த ஒருவர், "அப்படியே எடுத்துக்கிறேன், என்ஓசி மட்டும் குடுத்தா மதி" என்று, அதாவது வேறு மாநிலத்தில் பதிய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று மட்டும் போதும் என்று, சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என் கருத்தைக் கடைசிவரை ஒளித்து வைக்கப் போவதில்லை. ஆர்சி புத்தகத்தோடு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றோடு, முட்டுகிற மாற்றங்களை மட்டும் திருப்பிவிட்டு, மற்றதை அப்படியே விட்டு, தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பதுதான் நல்லது. மற்ற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன். இதே நிலையில் பழைய வண்டியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஹெரால்டு தெரியாத தலைமுறை வந்துவிட்டது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை இங்கே தயாரித்தது. 948 சிசி இன்ஜின், இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி வரைந்த உடல், இரண்டு கதவு. நான்கு கதவு மார்க் த்ரீ கடைசி வருடங்களில்தான் வந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் மட்டுமே ஓடிய ரோட்டில், போனட்டை மொத்தமாக முன்பக்கம் கவிழ்த்துத் திறக்கிற, சின்னத் தெருவிலேயே முழுவட்டம் அடிக்கிற இந்த வண்டிதான் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது இதே சேஸிஸ் (அடிச்சட்டம்) வடிவமைப்பிலிருந்துதான்.

ஹெரால்டில் கூரை போல்ட்டில் நிற்கிறது. கழற்றினால் திறந்த காராகிவிடும், திரும்ப மாட்டினால் சலூனாகிவிடும். தனி சேஸிஸ் இருப்பதால் வெட்டி ஒட்டுகிற வேலையும் சுலபம். மாற்ற நினைப்பவனை வா வா என்று கூப்பிடுகிற வண்டி. மாமா அந்த அழைப்பை மறுக்கவே இல்லை.

முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரை மாற்றி, எஸ்யூ வகையில் இரட்டையாகப் போட்டார். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளில் வேலை பார்த்த ஒருவர் கைப்படச் செய்து கொடுத்தது. அப்புறம் கூரையைக் கழற்றி மடக்குகிற கேன்வாஸ் போட்டார். சாம்பல் நிறம் சிவப்பானது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், உள்ளே பக்கெட் சீட். கடைசியாக, 948 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றினார். ஜிப்ஸி இன்ஜின் நீளவாக்கில் உட்காருவது, பின்சக்கரத்துக்கு விசை கொடுப்பது. அதனால் ஹெரால்டுக்குள் பொருந்திவிட்டது. பொள்ளாச்சி ரோட்டில் அதை ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான வண்டி. ஆனால் விற்கும்போது பிரச்சினை செய்வதும் அந்த இன்ஜின்தான்.

எந்த மாற்றம் விலையைக் கூட்டும், எது குறைக்கும்

மாற்றங்கள் எல்லாம் ஒரே தராசில் நிற்பதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் அந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தையும் பிற்காலத்தில் செய்த மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் முதல் வகை. இங்கிலாந்தில் வந்த ஹெரால்டு கூப்பேயிலேயே கம்பெனி அதைத்தான் பொருத்திக் கொடுத்தது. விவரம் தெரிந்தவர் போனட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்துத் தலையாட்டுவார். அதே ஆள் ஜிப்ஸி இன்ஜினைப் பார்த்தால் போனட்டை மூடிவிட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். டிஸ்க் பிரேக்கை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பக்கெட் சீட் ஆளைப் பொறுத்தது.

ரேஸ் சரித்திரம் இருந்தால் அது தனிக் கதை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தபின் அந்தக் காலம் முடிந்தது. அப்படி ஓடிய வண்டி என்று போட்டோ, நுழைவுச் சீட்டு, பழைய பத்திரிகைத் துண்டு ஏதாவது கையில் இருந்தால் மாற்றமே மதிப்பாகிவிடும். வாய்வார்த்தை மட்டும் என்றால் பேசாமல் இருப்பது மேல். சோழவரத்தில் ஓடியதாகச் சொல்லி விற்கப்பட்ட கார்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால் அந்த ஓடுதளமே பத்தாது.

வழி ஒன்று: அப்படியே கொடுத்துவிடுவது

அத்தையின் வழி. கேட்க நன்றாக இருக்கிறது. செலவில்லை, காத்திருப்பு இல்லை. இன்றைய போக்குவரத்தில் நிம்மதியாக ஓடுகிற பழைய கார் வேண்டும் என்பவருக்கு இந்த வண்டி அல்வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனைமலை வரை போய்வர ஆசைப்படுகிறவர் இன்ஜின் எந்தக் கம்பெனி என்று கவலைப்படமாட்டார்.

பெயர் மாற்றத்தில் வந்து இடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்சி முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதில் கேரள உயர் நீதிமன்றம் சற்றுத் தாராளமாகச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். வேறு கம்பெனியின் வேறு மாடல் இன்ஜினுக்கு ஒப்புதல் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்டிஓ அலுவலகத்தில் ஆய்வுக்கு வண்டி போனால் எண்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, இன்ஜின் எண், இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுவார்கள். மாமா வண்டியில் சேஸிஸ் எண் சரியாக இருக்கும். இன்ஜின் எண் ஆர்சியில் இருப்பது ஒன்று, பிளாக்கில் இருப்பது வேறொன்று. அங்கேயே ஃபைல் நின்றுவிடும்.

அதனால் இந்த மாதிரி வண்டியை வாங்குகிறவர் பெயர் மாற்றமே வேண்டாம் என்பார். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டுத் தாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். விற்பவருக்கு இதைவிடப் பெரிய வம்பு இல்லை. வண்டி அவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, அங்கிருந்து மூன்றாமவர் கைக்குப் போகும். ஆர்சியில் பெயர் மட்டும் மாமாவுடையது. அப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்தில் மாட்டிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தாலும், கம்பெனிக்குத் தெரிவிக்காத இன்ஜின் மாற்றம் இருக்கும்போது அவர்கள் கை விரிக்கத்தான் பார்ப்பார்கள். எழுபது வயதில் தாராபுரம் கோர்ட்டுக்கோ திருச்சூர் கோர்ட்டுக்கோ அலைவதற்கு, வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதே லாபம்.

வழி இரண்டு: முழுக்கப் பழையபடி ஆக்குவது

மச்சினன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒழுங்காக மீட்டெடுத்த இரண்டு கதவு ஹெரால்டுக்கு ஆள் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பழைய வடிவம் கெடாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கடைசி ஹெரால்டு வெளிவந்தது 1971-ல் என்பதால் வயதுக் கணக்கில் ஏறக்குறைய எல்லா ஹெரால்டும் தேறிவிடும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி பத்து வருடம். புதிதாகப் பதிகிற வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. இப்போதிருக்கும் நிலையில் மாமா வண்டி அந்த வாசலைத் தாண்டாது. இன்னொன்று, விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் போக என்று காரணத்தோடுதான் ரோட்டில் இறக்க வேண்டும். ஓட்டுவதற்காக வாங்குகிற ஆளை அது விரட்டிவிடும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, இப்போதைய நிலையில் வண்டி நான்கு லட்சம் பெறும், முழுக்க மீட்டெடுத்தால் எட்டு லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் நான்கு லட்சம் லாபமில்லை. பெயின்ட்டைச் சுரண்டியபின் தகட்டில் என்ன தெரியும் என்று யாருக்கும் தெரியாது. ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அது மேலிருந்து பார்த்தால் தெரியாது. குரோம் வேலை, கதவு ரப்பர், உள்ளே துணி, டேஷ்போர்டு மரம் என்று ஒவ்வொன்றாக ஏறும். டிங்கர் இரண்டு மாதம் என்று சொன்னால் தீபாவளியைத் தாண்டிப் பொங்கல் வரும். அவ்வளவும் செய்த பிறகு வாங்க வருபவர், "சாம்பலுக்குப் பதிலா இளம்பச்சை அடிச்சிருக்கலாமேங்க" என்பார்.

நாமே வைத்து அழகு பார்க்கப் போகிற வண்டியை மீட்டெடுப்பது நியாயமான ஆசை. விற்கப் போகிற வண்டியை மீட்டெடுப்பது, முகம் தெரியாத ஒருவரின் ரசனைக்கு நாம் பணம் கட்டுவது. அந்தச் செலவை வாங்குகிறவரே தன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும்.

வழி மூன்று: எல்லைக்கு அந்தப் பக்கம்

மாமாவின் வீடு கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில். தேங்காய்க் களம் பொள்ளாச்சிப் பக்கம். வண்டி நிற்பது களத்தில், பதிவும் தமிழ்நாட்டில், 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. வீட்டுக்கு ஒரு மாநிலம், தோட்டத்துக்கு ஒரு மாநிலம். விற்க வரும்போதுதான் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது.

கேரளத்தில் பழைய வண்டிப் பிரியர்கள் அதிகம். விலையும் தயங்காமல் கேட்கிறார்கள். கிழக்கே மழை குறைந்த நாட்டில் நின்ற வண்டி துருப்பிடித்திருக்காது என்பது அங்கே ஒரு நம்பிக்கை, அதில் உண்மையும் இருக்கிறது. ஒற்றப்பாலத்துக்காரர் சொன்ன விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் என்ஓசி கொடுத்தால் மட்டும் போதுமா? ஃபாரம் 28-ல் என்ஓசி வாங்க வேண்டும். அதற்கு வண்டியின் விவரம் வாகன் இணையப் பதிவில் இருக்க வேண்டும். கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் என்றால், முதலில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவை இணையத்தில் ஏற்றுகிற வேலை, போடச் சொல்லி அதற்கே அலைய வேண்டியிருக்கும். 45 நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் தன் ஊரில் ஃபாரம் 27 போட்டுப் புது எண் வாங்க வேண்டும், வரி கட்ட வேண்டும், ஆய்வுக்கு நிறுத்த வேண்டும். 15 வருடம் தாண்டிய தனியார் வண்டிகளின் வரியைக் கேரள அரசு 2025 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. ஆய்வு என்று வந்தால் அங்கே இருப்பவர்கள் மாற்றியமைத்த வண்டி விஷயத்தில் கண்டிப்பானவர்கள். 2021-ல் கண்ணூரில் யூடியூபர்கள் மாற்றியமைத்த ஒரு வேனைப் பிடித்து வைத்தது பெரிய செய்தியானது நினைவிருக்கும். ஜிப்ஸி இன்ஜினும் கேன்வாஸ் கூரையுமாக ஒரு சிவப்பு ஹெரால்டு அங்கே போய் நின்றால் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம்.

பழைய எண்ணும் போய்விடும். மூன்றெழுத்து எண் பலகையோடு இருக்கும் ஹெரால்டும், ஒற்றப்பாலத்தின் கேஎல் 51 எண்ணோடு இருக்கும் ஹெரால்டும் சேகரிப்பாளர் கண்ணுக்கு ஒன்றில்லை. என்ஓசி வாங்கிக் கொடுத்தும் அந்தப் பக்கம் பதிவாகாமல் நின்றுவிட்டால் வண்டி இரண்டு மாநிலத்துக்கும் சொந்தமில்லாமல் தொங்கும். அதுவரை பொறுப்பு யாருடையது என்பதை மேலே சொல்லியாயிற்று. ஒற்றப்பாலத்துக்காரர் நல்ல மனிதர்தான். நாளைக்கு அவர் யாருக்கு விற்பார் என்று நமக்குத் தெரியாது.

சின்ன வழிகள்

புரோக்கரிடம் விடுவது ஒரு வழி. நமக்கு ஒரு நெட் ரேட் பேசிக்கொண்டு, அதற்கு மேல் வருவதை அவர் எடுத்துக்கொள்வார். மாருதி, டொயோட்டாவுக்கு அது சரி. ஹெரால்டுக்கு விலை சொல்லத் தெரிந்த புரோக்கர்கள் மிகக் குறைவு. தெரியாதவர் தலையை ஆட்டிவிட்டு அடிமாட்டு விலை கேட்பார்.

பிரித்துப் பாகமாக விற்றால் மொத்தத் தொகை கூட வரலாம். மாமாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, சொல்லவும் போவதில்லை. பழைய இரும்பாக அரசு அங்கீகரித்த ஸ்கிராப் நிலையத்துக்குக் கொடுப்பது இந்த வண்டிக்குப் பேச்சே இல்லை. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகங்கள் தேடுவது பெரும்பாலும் கெடாத வண்டிகளை.

நான் சொல்லும் வழி

ஆர்சியில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: இன்ஜின் எண், சேஸிஸ் எண், உடல் வகை, நிறம், இருக்கை எண்ணிக்கை, சிசி. இவற்றோடு முட்டுவதை மட்டும் சரி செய்தால் போதும். கூரை, இன்ஜின், நிறம். மூன்றே வேலை.

மாமா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அதுதான் இங்கே கைகொடுக்கிறது. கூரை களத்து ஷெட்டின் உத்தரத்தில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. உள்பக்கம் முழுக்கத் தேங்காய் நார்த் தூசி, ஒரு மூலையில் அணில் கூடு. துரு இல்லை. பழைய இன்ஜின் மரப் பலகை மேல், சாக்கு போர்த்தி இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தோம். சாக்கை விலக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, உள்ள எண்ணெய் நிக்குது. ஆரு ஊத்துனது?"

"நான்தான் தம்பி. ஆடி பொறந்தா ஒரு கரண்டி ஊத்தி மூடி வச்சிருவேன்."

மெக்கானிக் முன்பக்கப் புல்லியில் ஸ்பானரை மாட்டி மெதுவாக அழுத்தினார். முதலில் அசையவில்லை. கொஞ்சம் காத்திருந்து இன்னொரு முறை அழுத்தியபோது கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு சுற்றியது. "ஜாம் ஆகலீங்ணா, ரிங்கும் கேஸ்கட்டும் மாத்துனாப் போதும்" என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை வாங்கி, பிளாக்கில் பொறித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்தார். ஆர்சியில் இருக்கும் அதே எண்.

ஹெரால்டுக்கு உதிரி பாகம் கிடைக்காது என்பது பாதிக் கதைதான். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகம் முழுக்க இருப்பதால் பொதுவான இயந்திர பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே தயாராகின்றன. இங்கே கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் பழையதும் கிடைக்கும். இந்தியாவில் மட்டும் வந்த தகடுகளுக்குத்தான் திண்டாட்டம். மாமா வண்டியில் அவை எல்லாம் முழுசாக இருக்கின்றன.

நிறத்தைத் திரும்பச் சாம்பலாக்கத் தேவையில்லை. நிற மாற்றத்தை ஆர்டிஓவில் விண்ணப்பித்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக்கை நான் தொடமாட்டேன். ஆர்சியில் அதற்கு இடமில்லை, பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. சட்டத்தை இழுத்துப் படித்தால் அதுவும் மாற்றம்தான் என்பவர் இருப்பார். ஆகவே ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பழைய டிரம்கள் பெட்டியில் தயாராகவே இருக்கின்றன. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் 948 சிசி இன்ஜினுக்கே செய்தது, அது தன் இடத்துக்குத் திரும்பப் போகும்.

இதில் வண்டியின் வேகம் குறையும் என்பது உண்மை. அதிலும் ஒரு நல்லது உண்டு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் நிற்பவை. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடிந்து பின்பக்கம் எகிறப் பார்க்கும். மாமாவுக்கு அந்தக் குணம் பழகிப்போனது. புதிதாக வாங்குகிறவருக்கு ஜிப்ஸி இன்ஜினோடு அதைக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது.

இறக்கிய ஜிப்ஸி இன்ஜின் வீணாகாது. ஜிப்ஸி வண்டியே இப்போது வருவதில்லை. மலை ஏற ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் நல்ல இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் காத்திருக்கிறார்கள். அதைத் தனியாக விற்கிற பணம் இந்த வேலைச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும் என்பது மெக்கானிக்கின் கணக்கு. என் கணக்கும் அதுதான். மடக்குகிற கேன்வாஸ் கூரையை மட்டும் வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். வாங்குகிறவருக்கு அது ஒரு தித்திப்பு.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் காகிதம், அப்புறம் ஸ்பானர். ஆர்சி புதுப்பிப்பு பாக்கி இருந்தால் மாதக் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பேக்லாக் என்ட்ரி முடிந்து, பெயரும் முகவரியும் எண்களும் இணையத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளம்பரமே போட வேண்டும். மாமாவின் கையெழுத்தும் ஒரு விஷயம். ஆர்சியில் இருப்பது வாலிபக் கையெழுத்து, இப்போது கை நடுங்குகிறது. அவர் நேரில் வந்து கையெழுத்திட முடிகிற இந்தக் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. காலம் கடந்து வாரிசுகள் ஃபாரம் 31 போட்டு வாங்குவதெல்லாம் வேறு அலைச்சல்.

வாங்க வருபவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இறக்கி ஏற்றிய கதை முழுவதையும் போட்டோவோடு காட்டலாம். முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்ப உதவுகிற மூட்டான பித்தளை டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயில் விட்டு வந்திருக்கிறார் மாமா. ஹெரால்டு தெரிந்தவர் முதலில் கேட்பதே அதைத்தான். கிரீஸ் அடித்த வண்டிகளில் அந்த இடம் காய்ந்து முறிந்து முன்சக்கரம் படுத்துவிடும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிட்டு அந்த பில்லையும் காட்டினால் நம்பிக்கை கூடும்.

விலையைப் பொறுத்தவரை ஒற்றப்பாலத்துக்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறையலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடினால் அந்த இடைவெளி பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், பழைய எண் அப்படியே நிற்கும், என்ஓசி தேவையில்லை. வாங்குகிறவரே வந்து ஆர்டிஓவில் கூட நிற்க வேண்டும் என்பதைப் பேரத்தின் முதல் வார்த்தையாக வைக்க வேண்டும். பணம் வங்கி வழியே. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே அளவு அபராதம் வாங்கினவர் தலையில் விழும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

ஒற்றப்பாலத்துக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வண்டி ஆர்சிப்படி ஆன பிறகு சொல்லி அனுப்புகிறோம், அப்போதும் வேண்டுமென்றால் என்ஓசி வாங்கித் தருகிறோம், ஆனால் உங்கள் ஊரில் பதிவாகிப் புது எண் வரும்வரை கடைசித் தவணை வங்கியில் நிற்கட்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பெயர் மாறியது இணையத்தில் தெரிந்த அன்றே இரண்டு வேலை பாக்கி. மாமா பெயரிலிருக்கும் பாலிசியை மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதை நாமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைப் பிய்த்துவிட்டு வங்கியில் கணக்கை மூட வேண்டும். இல்லாவிட்டால் வாளையார்ப் பக்கம் பாம்பாம்பள்ளம் டோலை வாங்கியவர் தாண்டும் ஒவ்வொரு முறையும் பணம் மாமா கணக்கிலிருந்துதான் போகும்.